பஞ்சு வயிறு

பிஷ்கெக்
நவம்பர் 9

அன்புள்ள கலிச்சா அக்காவுக்கு,

உன் வீட்டில் இரண்டு கால், நான்கு கால் எல்லாம் நலமா? பனி இறங்கிவிட்டதா? துர்சுன் அத்தானின் முழங்கால் எப்படி? நான்கு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி கடித்துத் தின்னாமல் இருக்கிறார்களா? இங்கே மெலிஸ் நலம். மாமியார் நலம், அவர் குரல் அதைவிட நலம். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உறையைப் பார்த்துச் சிரித்திருப்பாய். தையல் மிஷினில் நாலு பக்கமும் தைத்துவிட்டேன். ஒமூர் உங்கள் பள்ளத்தாக்குக்கு மாவு மூட்டையோடு கடிதத்தையும் ஏற்றி வருகிறவன். வழியில் அவனுக்கும் பொழுது போக வேண்டுமே! போனில் பேசலாம் என்றால் நீ கணவாய் ஏறி நின்றால்தான் சிக்னல். அங்கே உன் மாமியாரும் கூடவே ஏறி நிற்பார். இங்கே என் மாமியார். நடுவில் நாம் பேச மிச்சமிருப்பது வானிலை மட்டும்தான்.

போன மாதம் தையல் பட்டறையில் விழுந்துவிட்டேன். குளிர்கால ஜாக்கெட் அவசர வேலை. வலி வந்தது. வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். மேற்பார்வைக்காரி பார்த்துவிட்டு, "மாசாமாசம் இவளுக்கு மட்டும் என்னடி திருவிழா? நாங்கள்லாம் பொம்பளைங்க இல்லையா?" என்றாள். அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தவள் துணிக்குவியல்மேல் கிடந்தேன். பாவம், அவளேதான் தண்ணீர் தெளித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

எண்டோமெட்ரியோசிஸ். பெயரை எத்தனையோ முறை சொல்லியாயிற்று, நீ மறந்துவிடுவாய். கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் வெளியே சூலகத்திலும் குடலிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. மாதாமாதம் அதுவும் கசிகிறது, வெளியே போக வழியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டி எடுத்தார்களே, திரும்ப வந்துவிட்டதாம். டாக்டர் ராக்கிமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னொரு ஆபரேஷன் பண்ணலாம், ஆனா இந்தத் தடவை சூலகம் மிஞ்சுமான்னு சொல்ல முடியாது. ஊசி போடலாம், அது உன்னை இப்பவே கிழவியாக்கும், எலும்பு தேயும். மூணாவது, ஒரு புது மாத்திரை. இன்னும் சோதனையிலதான் இருக்கு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

அந்த மாத்திரை படலத்துக்கு ரத்தம் போகும் வழியை அடைக்குமாம். கல்லீரலைக் கெடுக்கலாம், கெடுக்காமலும் போகலாம். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன், அக்கா. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. சோதனை நடக்கும் ஒரு வருஷமும், அதற்கப்புறம் சில மாதமும் கருத்தரிக்கவே கூடாது.

எனக்கு முப்பத்தைந்து ஆகிறது. பிள்ளைக்காக இவ்வளவு காலம் இந்த வலியைத் தூக்கிச் சுமந்தேன். இப்போது வலியை இறக்கி வைக்கலாம் என்கிறார்கள், பிள்ளையையும் சேர்த்து இறக்கி வைக்க வேண்டுமாம். மெலிஸ், "எனக்கு நீ போதும்" என்கிறார். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பையனோடு பந்து விளையாடுகிறார். நான் என்ன செய்யட்டும்? மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

உன் பதிலுக்காக ஒமூரின் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அய்ஜமால்


அக்சாய்
நவம்பர் 24

என் அய்ஜமாலுக்கு,

சுகமாக இரு, உன் காலடி மண்ணும் சுகமாக இருக்கட்டும். இங்கே பனி முழங்கால் வரை. செம்மறிகள் பரவாயில்லை. அத்தானின் முழங்கால்தான் செம்மறியைவிட மோசமாகக் கத்துகிறது. உன் உறையைப் பிரிக்கச் செருப்புத் தைக்கும் ஊசி தேட வேண்டியதாயிற்று. நான் பதிலுக்கு மாவுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், ஒமூருக்கு அது போதும்.

அந்த டாக்டர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டுக்கு ஊசி போடுகிறவன்கூட இன்ன மருந்து என்று சொல்லித்தான் போடுகிறான். உனக்கு மாவைக் கொடுத்துவிட்டு வலி குறைந்ததா என்று கேட்பார்களா? ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு தூக்கம் போய்விட்டது. உனக்குப் பதினைந்து வயதில், அடுப்போரம் சுருண்டு கிடப்பாயே, அம்மா உனக்குக் குளிர் பிடித்துவிட்டது என்று ஆட்டுத்தோலைச் சூடு பண்ணி வயிற்றில் கட்டுவாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலைக்கள்ளி" என்றேன். அந்த மேற்பார்வைக்காரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஐந்தாவது. நான் அழுதேன், அத்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அப்புறம் உன் கடிதம் வந்தது. இரவு அவரிடம் பேசினேன். "உன் தங்கச்சிதானே, யாரோ எவளோவா? குடு" என்றார். அவருடைய சித்தப்பாவும் அப்படித்தான் வேறு வீட்டுக்குப் போய் வளர்ந்தவர். நம் மலையில் இது புதிதில்லையே.

இந்தப் பிள்ளை உன் பிள்ளை. நீ மாத்திரையைப் போடு. மாதத்தை எண்ணுவதை விடு. அது என் வேலை.

உன் கண்ணில் முத்தமிடும்,
கலிச்சா


பிஷ்கெக்
டிசம்பர் 8

அக்கா,

நலம் கேட்டு எழுத வேண்டும் என்று தெரியும். எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள், இருக்க வேண்டும், குறிப்பாக நீ. எண்ணெய்ப் பலகாரம் தின்னாதே. குதிரை ஏறாதே. பனிக்கட்டியில் வாளி தூக்காதே. பெரியவளை அனுப்பு.

கடிதத்தைப் பட்டறைக் கழிவறையில் வைத்துப் படித்தேன். வெளியே வந்தபோது மேற்பார்வைக்காரி, "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள். "இல்ல, பொறக்கப் போறாங்க" என்று வாய்வரை வந்துவிட்டது.

மெலிஸ் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார், எழுந்து போனார், வாசலில் பனி வாரினார். நம் வாசல் முடிந்து பக்கத்து வாசலையும் வாரினார். மாமியாரிடம் அவரே சொன்னார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றேன்.

மாமியார் பேசாமல் இருந்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. பிறகு சொன்னார்: "பிள்ளை வரட்டும். ஆனா மருமக வீட்டு ரத்தம்னு தெருவுல ஒருத்திக்கும் தெரியக்கூடாது. நாளைக்கு அவன் நம்ம வழக்கப்படி ஏழு தலைமுறைப் பாட்டன் பேரைச் சொல்றப்ப, பக்கத்துல ஒருத்தி சிரிச்சான்னா நான் குழிக்குள்ள புரளுவேன். அய்ஜமால், நாளையிலேர்ந்து உனக்கு மசக்கை."

எனக்குப் புரியவே நேரமாயிற்று. வயிற்றில் பஞ்சு கட்ட வேண்டுமாம்! அவருடைய நாத்தனார் ஒருத்தி அப்படித்தான் செய்தாளாம், அந்தப் பையன் இப்போது போலீஸ்காரன், இன்றுவரை அவனுக்குத் தெரியாதாம். "ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது" என்று மெலிஸ் என் காதில் சொன்னார்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. மஞ்சள் நிறம். நாக்கில் வைத்தால் மாவு மாதிரிதான் இருக்கிறது, பயப்படாதே, மருந்தும் அப்படித்தான் இருக்குமாம்.

உனக்கு என்ன எழுதி நன்றி சொல்வது? தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

உன் அய்ஜமால்


அக்சாய்
ஜனவரி 15

அடி கள்ளி, என் தங்கமே,

சுகமா? மசக்கை எப்படி இருக்கிறது? நான் இங்கே வாந்தி எடுக்கிறேன், நீ அங்கே ஊறுகாய் தின்கிறாயா? சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அத்தான், "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிள்ளை பெறுறீங்க, வலியையாவது பங்கு போட்டுக்குங்க" என்கிறார்.

கேள், உனக்குத் தெரியாது. தலையணையை அப்படியே கட்டாதே, மேலே ஏறிக்கொள்ளும். கீழே கனம் இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் கையை ஊன்று, பிறகு மூச்சு விடு, பிறகு எழுந்திரு. யாராவது கேட்டால் முதுகு வலிக்கிறது என்று சொல். நெஞ்செரிச்சல் என்று சொல். கால் வீங்குகிறது என்று மட்டும் சொல்லாதே, காட்டு என்பார்கள்.

என் மாமியாரிடமும் சொல்லியாயிற்று. அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "குடுக்கிறதுன்னா மார்ல வைக்காம குடு. பால் குடிச்சப்புறம் குடுக்க எந்தப் பொம்பளையாலயும் முடியாது." சரி என்றேன். பிறந்ததும் முகத்தைக்கூடப் பார்க்கப் போவதில்லை. துணியில் சுற்றி அத்தான் கையில் கொடுத்துவிடுவேன், அவர் ஒமூரின் வண்டியில் உன்னிடம் கொண்டுவருவார். மருத்துவச்சி புட்டிப்பால் வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நான்கு பெற்றவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமா?

எப்படியும் இன்னொரு பெண்தான். என் வயிற்றில் பையன்கள் தங்குவதில்லை. பெயர் யோசித்து வை.

கலிச்சா


பிஷ்கெக்
பிப்ரவரி 27

என் அக்காவுக்கு ஆயிரம் வணக்கம்,

நீயும், உன்னுள் இருக்கும் என் சின்னவளும் நலமா? அத்தான், நான்கு இளவரசிகள், நாய், கோழி, எல்லோரும் நலமா?

எனக்கு வலி இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் குறைந்தது. பிப்ரவரியில் வரவேண்டிய நாள் வந்தது, வலி வரவில்லை. வலி வழி தவறிவிட்டதோ என்று காத்திருந்தேன். முதுகை நீட்டிப் படுத்துத் தூங்கினேன், அக்கா. மனிதர்கள் இப்படித்தான் தூங்குகிறார்களா? பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். பட்டறைப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்குப் போனோம், ஆடினேன், மாமியார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வயித்துப் பிள்ளைக்காரி குதிக்கிறதைப் பாரு!" என்று உட்கார வைத்தார்.

என்னோடு மாத்திரை எடுக்கும் லூபா என்ற ருஷ்யப் பெண்ணுக்கு ஒன்றும் குறையவில்லை. "உனக்கு மருந்து, எனக்கு மாவு. வேணும்னா மாத்திக்கலாமா?" என்று சிரிக்கிறாள். சிரிக்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. டாக்டர், "சில பேருக்கு மாவுலயும் வலி குறையும். இப்பவே ஆடாதே" என்கிறார். நான் ஆடியாயிற்று.

வயிற்றை நானே தைத்தேன். உள்ளே கம்பளிப் பஞ்சு, அடியில் இரண்டு பை உப்பு, நீ சொன்ன கனத்துக்கு. மாதாமாதம் பிரித்துப் பஞ்சு சேர்க்கிறேன். பேருந்தில் இடம் தருகிறார்கள். எதிர்வீட்டுச் சொனூன் அக்கா வாரத்துக்கு ஒரு முறை ஆப்பிள் கொண்டுவருகிறாள். பட்டறையில் மேற்பார்வைக்காரியே என் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்கிறாள். இவ்வளவு மரியாதையை நான் இதுவரை பார்த்ததில்லை. திருடிய மரியாதைதான், தெரியும்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதே. இரவில் அதைக் கழற்றி மடித்து வைப்பேன். இப்போதெல்லாம் கழற்றுவதில்லை.

உன் அய்ஜமால்


அக்சாய்
ஏப்ரல் 2

அய்ஜமாலுக்கு,

சுகம். உன் வலி போனது கேட்டு வெள்ளாடு ஒன்று அறுத்தோம். அக்கம்பக்கத்தில் காரணம் கேட்டார்கள், அத்தான் ஏதோ சொன்னார்.

குட்டி போடும் பருவம். வேலை தலைக்குமேல். வயிறு பெரிதாக இருக்கிறது, பெண்களுக்கு இப்படி இருந்ததில்லை. பகலெல்லாம் தூங்கும், நான் படுத்ததும் ஆரம்பிக்கும். வலது விலாவில் குதிகாலை வைத்து அழுத்தும். நான் விரலால் தட்டினால் பதிலுக்குத் தட்டும். நேற்று ஆட்டுக்குட்டி ஒன்றை மடியில் வைத்திருந்தேன், உள்ளேயிருந்து அதை எட்டி உதைத்தது! குட்டி பயந்து ஓடிவிட்டது. பெண்கள் நால்வரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மூன்றாமவள் தினமும் வயிற்றில் வாய் வைத்துப் பேசுகிறாள்.

கீழே அத்பாஷி ஊரில் மருத்துவச்சி கருவி வைத்துப் பார்த்தாள். பையன் என்கிறாள்.

வேறு செய்தி இல்லை. வைக்கோல் விலை ஏறிவிட்டது.

கலிச்சா


பிஷ்கெக்
ஏப்ரல் 30

அன்பு அக்காவுக்கு,

நலமா? நன்றாகச் சாப்பிடுகிறாயா? பையனா! மாமியார் அன்று முழுக்கத் தெருவில் நடந்தார், காரணமே இல்லாமல். மெலிஸ் மரம் வாங்கிவந்து தொட்டில் செய்கிறார். நான் சின்னச் சின்னச் சட்டைகள் தைத்துத் தள்ளுகிறேன்.

ஒரு கூத்து நடந்தது, கேள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் பக்கத்துச் சம்சாப் பலகாரக் கடைக் கழிவறையில் வயிற்றைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவேன், திரும்பும்போது கட்டிக்கொள்வேன். கடைக்காரி போன மாதம் என் கையைப் பிடித்து, "ஏம்மா, வயித்தோட உள்ள போற, வெறும் வயித்தோட வெளிய வர்ற, கொஞ்சம் கழிச்சு மறுபடி வயித்தோட வர்ற. ஒண்ணு என் கண்ணு கெட்டுப்போச்சு, இல்ல உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றாள்.

இந்த மாதம் கடை பூட்டியிருந்தது. ஏதோ யோசனையில் அப்படியே உள்ளே போய்விட்டேன். எனக்கு அது என் உடம்பாகவே ஆகிவிட்டது, அக்கா, நினைவே இல்லை. வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், கையிலிருந்த தேநீர்க் கிண்ணம் கீழே. "டாக்டர்! பதினேழாம் நம்பர் கர்ப்பம்! டாக்டர்!" நான்கு பேர் ஓடி வந்தார்கள். சோதனை மருந்து குடிக்கிறவள் எட்டு மாத வயிற்றோடு நின்றால் அவர்களுக்கு உயிர் போகாதா? நான் சட்டையைத் தூக்கி நாடாவை அவிழ்த்தேன். உப்புப் பை நழுவி டாக்டர் ராக்கிமாவின் காலில் விழுந்தது.

டாக்டர் முதலில் திட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அக்கா குடுக்கலைன்னா?"

"எங்கக்கா சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

போன கடிதத்தில் நீ "உன் பிள்ளை" என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. குட்டி போடும் அவசரம், தெரியும். இருந்தாலும் அடுத்த கடிதத்தில் ஒரே ஒரு முறை எழுது.

உன் அய்ஜமால்


பிஷ்கெக்
ஜூன் 22

அக்கா,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன், நலமா?

மே முழுவதும் உன் கடிதம் இல்லை. ஒமூரைச் சந்தையில் பிடித்தேன். பெற்றுவிட்டாளா என்றேன். "ம்" என்றான். பிள்ளை நலமா என்றேன். "ம்" என்றான். ஒரு தொணதொண வாய் திடீரென்று சாத்திக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்? கையைப் பிடித்து உலுக்கினேன். "மாவு எறக்கிட்டு வந்துட்டேன் அக்கா, நான் ஒண்ணும் பாக்கல" என்று டயரைத் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

மாமியார் தோக்மோக் ஊரில் தன் அண்ணன் வீட்டில் இடம் சொல்லி வைத்திருக்கிறார். அங்கே போய் 'பெற்றுக்கொண்டு' வர வேண்டும். இனியும் பஞ்சு சேர்க்க முடியாது. சொனூன் அக்கா தினமும் வாசலில் நின்று, "இன்னுமா? யானையாடி சுமக்கற?" என்கிறாள்.

நான் அவசரப்படுத்தவில்லை. நீ தேறி எழுந்திரு. ஒரு வரி மட்டும் போதும்.

அய்ஜமால்


அக்சாய்
ஜூலை 6

தங்கை அய்ஜமாலுக்கும், மெலிஸுக்கும், மாமியாருக்கும் வணக்கம்.

நாங்கள் நலம். நீங்களும் நலமென்று நம்புகிறோம். கோடை மேய்ச்சலுக்குக் கிளம்புகிறோம். புல் நன்றாக இருக்கிறதாம்.

ஆண் பிள்ளை பிறந்தான். அத்தான் கொடுக்க முடியாது என்கிறார். நான்கு பெண்ணுக்குப் பிறகு வந்த பையன், குடும்பத்துக்கு ஒரே வாரிசு, சொந்தக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள் என்கிறார். நான் என்ன செய்வேன், நான் இந்த வீட்டு மருமகள்.

மன்னித்துக்கொள்.

கலிச்சா


பிஷ்கெக்
ஜூலை 29

அக்காவுக்கு,

நலமாக இரு. அத்தானிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல். பையன் நலமா?

நடந்ததை எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

வயிறு இருக்கிறது, பிள்ளை இல்லை. இரண்டு நாள் கழித்து மாமியார் சொன்னார்: "வேற வழியில்ல. தவறிப்போச்சுன்னு சொல்லிடலாம்." தோக்மோக்குக்குப் போனோம். அங்கே பின்கட்டில் பஞ்சைப் பிரித்துக் கொட்டினேன். மாமியார் உப்பைக்கூடக் கேணிப்பக்கம் கொட்டச் சொன்னார், வீட்டில் சேர்க்கக் கூடாதாம். வெறும் வயிற்றோடு திரும்பி வந்தோம். மெலிஸ் அதற்கு முன்பே போய்த் தொட்டிலைக் கொட்டகையில் போட்டு மூடிவிட்டிருந்தார்.

தெருவே வந்தது. ரொட்டியும் சர்க்கரையும் கொண்டுவந்தார்கள். பட்டறைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மேற்பார்வைக்காரி என் காலடியில் உட்கார்ந்து, "நான்தாண்டி உன்னை வேலை வாங்கிக் கொன்னேன்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் இல்லை இல்லை என்று சொல்கிறேன், அவள் கேட்கவில்லை. பொய்யை வைத்து ஒரு மனுஷியை இப்படி அழ வைக்கிறோமே என்று எனக்கு உடம்பு கூசியது.

எல்லோரும் போன பிறகு சொனூன் அக்கா இருந்தாள். கதவைச் சாத்தினாள். மடியிலிருந்து முட்டைக்கோஸ் இலைகளை எடுத்தாள், பனிக்கட்டி போல் இருந்தன. "பிள்ளை இல்லைன்னு மாருக்குத் தெரியாதுடி. அது பாட்டுக்குச் சுரக்கும். கட்டிக்கும், காய்ச்சல் வரும், இந்த இலை வெச்சா வத்திடும். என் மூத்தவன் போனப்ப எனக்கு யாரும் சொல்லல. சட்டையை அவுரு" என்றாள். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அவள் ஒவ்வொரு இலையாக என் மார்மேல் வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினாள். வறண்ட மார், அக்கா. ஒரு சொட்டு எப்போதும் வந்ததில்லை. அந்தக் குளிர் பட்டதும் எனக்குள் ஏதோ உடைந்தது. அதுவரை நடித்துக்கொண்டிருந்தவள் அப்புறம் நடிக்கவில்லை. எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியவில்லை. மாமியார் ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டார், அவரும் அழுதார். தெருவுக்காக இல்லை, அப்போது தெரு இல்லையே.

எனக்குப் பிள்ளை இறந்துவிட்டது. அது பஞ்சு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறந்துவிட்டது.

உடம்பு வலி மட்டும் இன்னும் இல்லை. இந்த நேரத்தில் கொஞ்சம் வலித்தால்கூட நன்றாயிருக்கும் போலிருக்கிறது.

அய்ஜமால்


மேய்ச்சல் வெளி
ஆகஸ்ட் 12

என் தங்கமே,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அத்தான்மேல் பழி போட்டேன். பொய். அவன் பிறந்த அன்று அவர் ஒமூரின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார், மடியில் போர்வை விரித்துக்கொண்டு. "குடு, பொழுது போறதுக்குள்ள எறங்கணும்" என்றார். பையனாயிற்றே என்று அவருடைய அண்ணன் சொன்னதற்கு, "சொல்லுக்கு ஆண் பெண் உண்டா?" என்று கேட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

நான்தான். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் அழுதான். மருத்துவச்சி புட்டியை வைத்தாள், துப்பினான். மறுபடி அழுதான். என் சட்டை நனைந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல்தான் மாரில் வைத்தேன், அய்ஜமால், ஒரு வாய் மட்டும், வழிக்குத் தாங்கட்டும் என்று. ஒரு வாயோடு நிறுத்த எனக்குத் தெரியவில்லை. அத்தான் வண்டியில் காத்திருந்தார். ஒமூர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். பிறகு அத்தான் தானே இறங்கி, போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் நீ அந்த இலைகளைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்காது. உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர் வெளியே போய்விட்டார். நான் இரவெல்லாம் யோசித்தேன்.

வந்து கூட்டிப் போ. அல்லது அடுத்த முறை ஒமூர் வரும்போது அத்தான் கொண்டுவருவார். தெருவுக்கு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். எனக்கு நான்கு இருக்கிறது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று டாக்டரிடம் சொன்னாயே, அந்தச் சொல்லை நான் காப்பாற்றுகிறேன். அவன் துணிகளைத் துவைத்து மூட்டை கட்டிவிட்டேன். ஒன்றை மட்டும் துவைக்கவில்லை, அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

கலிச்சா


பிஷ்கெக்
ஆகஸ்ட் 25

அன்புள்ள கலிச்சா அக்காவுக்கு,

நீயும் அத்தானும் ஐந்து பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஐந்து என்று எண்ணித்தான் எழுதுகிறேன்.

மூட்டையைப் பிரி. துணிகளை எடுத்துக் கொடியில் போடு.

உன் கடிதத்தை மெலிஸிடம் காட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் சரி என்றால் அன்றே வண்டி எடுத்திருப்பார். மாமியாருக்கும் ஆசைதான், மறைக்கவில்லை: "அவளே தர்றேங்கறா, வாங்கிக்கயேன்டி" என்றார். அரை நாள் நானும் வாங்கிக்கொண்டேன், அக்கா. மனதுக்குள் அவனைக் குளிப்பாட்டினேன், அந்தச் சின்னச் சட்டைகளில் ஒன்றைப் போட்டேன், தெருவில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பிறகு நீ துவைக்காமல் எடுத்து வைத்த அந்தத் துணி நினைவுக்கு வந்தது. பஞ்சைச் சுமந்து இழந்த எனக்கே மூச்சு நின்றுபோயிற்று. நீ சதையைச் சுமந்து பால் கொடுத்தவள். சொனூன் அக்கா உன் வீட்டுக்கு எந்த இலையைக் கொண்டுவருவாள்?

வேண்டாம். அவன் உன்னுடையவன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது. பிறந்த அன்றே சொல்லாததற்காக. அத்தான்மேல் பழி போட்டதற்காக. கொஞ்ச நாள் இருக்கும், இருக்கட்டும். அவரிடம் மன்னிப்புக் கேள்.

டாக்டர் ராக்கிமா கூப்பிட்டிருந்தார். வருகிற டிசம்பரோடு முதல் சுற்று முடிகிறது. விரும்புகிறவர்கள் இன்னொரு வருஷம் தொடரலாம், அப்போது எல்லோருக்கும் அசல் மருந்துதானாம், மாவு இல்லை. லூபா குதித்தாள். எனக்கு இதுவரை கொடுத்தது எது என்று கேட்டேன். "எல்லாரும் முடிச்சப்புறம்தான் உறையைப் பிரிப்போம்" என்றார். "இன்னொரு வருஷம்னா உனக்கு முப்பத்தேழு ஆயிடும். அதுக்கப்புறம் பிள்ளைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. இப்ப நிறுத்தினா முயற்சி பண்ணலாம், ஆனா வலி திரும்ப வரும்னு நினைக்கறேன். நல்லா யோசி" என்றார்.

யோசித்தேன். நிறுத்திவிட்டு மறுபடியும் மாதத்தை எண்ண வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், நீயும்தான். ஆனால் பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரை நான் படுத்துக் கிடந்ததுதான் அதிகம். இந்த ஆறு மாதம்தான் நடந்தேன். அழும்போதுகூட நிமிர்ந்து நின்று அழுதேன். இதைக் கையிலிருந்து விட எனக்கு மனமில்லை. தொடர்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். மெலிஸ் தலையாட்டினார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு எனக்கு முதலில் தேநீர் ஊற்றினார்.

பிள்ளை ஆசை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. பேருந்தில் எவள் மடியிலாவது ஒன்று தூங்கினால் என் கை தானாகக் குவிகிறது. அது போகும் மருந்து எந்தச் சோதனையிலும் இல்லை.

செப்டம்பரில் நீங்கள் கீழே இறங்குவதற்குள் ஒருமுறை வருகிறேன். ஒமூரிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பார்த்ததும் பிள்ளையைக் கூடாரத்துக்குள் ஒளிக்காதே. அவனுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நீ இதுவரை எழுதவில்லை. வந்ததும் நீயே சொல்.

என் கையில் கொடு. ஒமூர் மாவு மூட்டைகளை இறக்கும்வரை வைத்துக்கொள்கிறேன். அவன் ஹாரன் அடித்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்.

உன் தங்கை,
அய்ஜமால்